பொகவந்தலாவை கெமராக்காரியும் முழுப் பேரும்

புகைப்பட வரலாறு என்று எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் முதல் சில அத்தியாயங்களுக்குள் ஜூலியா மார்கரெட் கமரன் என்ற பெயர் வந்துவிடும். டார்வின், டெனிசன், கார்லைல் என்று அந்தக் காலத்துத் தாடிக்காரர்களின் பிரபலமான படங்கள் பல இவர் எடுத்தவை. அந்த அம்மாவின் கல்லறை லண்டனில் இல்லை. ஹட்டனில் பஸ் ஏறி, டிக்கோயா, நோர்வூட் எல்லாம் தாண்டி பொகவந்தலாவையில் இறங்கினால், அங்கே சென் மேரிஸ் தேவாலய வளவில் இருக்கிறது. எங்கள் குழுவில் இரண்டு பேர் அந்தப் பாதையில்தான் பள்ளிக்கூடம் போய்வந்தோம். கம்பஸ் லைப்ரரியில் ஒரு புத்தகத்தைப் புரட்டும்போதுதான் "அட, நம்ம ஊரு!" என்று சத்தம் போட்டோம்.

புருசனைத்தான் நமக்கு ஏற்கெனவே தெரியும். ஏ.எல். வரலாறு படித்தவர்கள் மனப்பாடம் செய்த 1833 கோல்புறூக் – கமரன் சீர்திருத்தத்தில் வருகிற இரண்டாவது ஆள், சார்ள்ஸ் ஹே கமரன். இலங்கை மலையில் கோப்பித் தோட்டம் வைத்திருந்தவர். 1875இல் இருவரும் இங்கிலாந்து வாழ்க்கையை மூட்டை கட்டிக்கொண்டு, மகன்மார் இருந்த இலங்கைக்கே வந்துவிட்டார்கள். 1879 ஜனவரியில் டிக்கோயாப் பக்கம் கிளென்கேன் தோட்டத்தில் ஜூலியா இறந்தார். அடுத்த வருசம் புருசனும் போய்ச் சேர்ந்தார். அப்போது இங்கே தேயிலை இன்னும் பெரிசாக வரவில்லை. 1869இல் கண்டுபிடிக்கப்பட்ட இலை நோய் கோப்பியைத் தின்றுகொண்டிருந்த காலம்.

எங்களுக்கு இவரை முதலில் பிடித்துப்போன காரணம், தொடங்கிய வயசு. 1863 கடைசியில் மகளும் மருமகனும் ஒரு கெமரா வாங்கிக் கொடுக்கும்போது இவருக்கு 48. ஆறு பிள்ளைகளைப் பெற்றவர். யாரிடமும் முறையாகப் படிக்கவில்லை. கோழிக்கூட்டைக் காலி பண்ணி ஸ்டூடியோ ஆக்கினார், நிலக்கரி போடுகிற அறையை இருட்டறை ஆக்கினார். அந்தக் காலத்துப் படம் என்றால் சும்மா இல்லை. கண்ணாடித் தட்டில் கொலோடியன் பூசி, வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் முக்கி, அது காய்வதற்குள் படத்தை எடுத்துக் கழுவியும் முடிக்கணும். உட்கார்ந்திருப்பவர் நிமிடக்கணக்கில் அசையக் கூடாது. கொஞ்சம் அசைந்தால் முகம் கலங்கும். இவர் கலங்கிய படங்களையும் வைத்துக்கொண்டார். கீறல், தூசு, விரல் பட்ட தடம் எல்லாம் அப்படியே இருக்கும். லண்டன் புகைப்படக்காரர்கள் "ஃபோகஸ் பண்ணவே தெரியாத பொம்பளை" என்கிற மாதிரி எழுதினார்கள். இவர் கேட்கவில்லை. 1866இலிருந்து இன்னும் பெரிய தட்டுகளை வைத்துக்கொண்டு, தலை மட்டும், கிட்டத்தட்ட உண்மையான அளவுக்கு எடுக்க ஆரம்பித்தார்.

அந்தத் தலைகளைப் பார்த்துத்தான் நாங்கள் நிறையக் கற்றுக்கொண்டோம். பின்னணியில் ஒன்றுமே இருக்காது. ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வெளிச்சம் வரும். மற்றப் பக்கம் இருட்டுக்குள் போய்விடும். இப்படிப்பட்ட வெளிச்சத்துக்கு ஸ்டூடியோ தேடி அலைய வேண்டியதில்லை, நம்ம லயத்துக் காம்பராவே போதும். ஒரு கதவு, பெயருக்கு ஒரு ஜன்னல், அடுப்புப் புகை ஏறிக் கறுத்த சுவர். காலையில் மிஸ்ட் இறங்கியிருக்கும் நேரம் வெளிச்சம் பால் மாதிரி கதவால் உள்ளே வரும். பாட்டியைக் கதவுக்கு ஓரமாகப் பலகையில் உட்காரவைத்து, போன் திரையில் முகத்தை அழுத்திப் பிடித்தால் ஃபோகஸும் வெளிச்சமும் லொக் ஆகும். பிறகு வெளிச்சத்தைக் கொஞ்சம் கீழே இழுங்கள். கறுத்த சுவர் காணாமல் போய் முகம் மட்டும் நிற்கும். ஃபில்டர் ஒன்றும் வேண்டாம். முக்கியமான விஷயம், அவசரப்படக் கூடாது. கமரனின் ஆட்கள் முகத்தில் அந்தப் பாரம் வந்ததற்கு ஒரு காரணம், அத்தனை நேரம் சிரித்துக்கொண்டே இருக்க யாராலும் முடியாது. நாங்களும் "சிரிங்க" என்று சொல்வதை நிறுத்தினோம். தேயிலைப் பெட்டியில் சிரித்தது போதும்.

இதுவரைக்கும் எல்லாம் சந்தோசம்தான். அதற்குப் பிறகு அவர் இலங்கையில் எடுத்த படங்களைத் தேடினோம்.

மிஞ்சியிருப்பவை முப்பதுக்கும் குறைவு. தோட்டத் தொழிலாளர்கள், வேலைக்காரர்கள், களுத்துறையில் மகன் வீட்டுப் பக்கம் இருந்த கிராமத்து மனிதர்கள். அவர்களில் 1878இல் எடுத்த ஒரு படம் எங்களை அதிகம் தொந்தரவு செய்தது. ஒரு வயசானவர், ஒரு சின்னப் பெண், கூட இன்னொருவர். கீழே கமரன் குறிப்பு எழுதியிருக்கிறார்: பெண்ணுக்கு 12 வயது, கிழவர் தான் அவளுடைய தகப்பன் என்கிறார், தனக்கு நூறு வயது என்றும் சொல்கிறார். இவ்வளவும் கேட்டு எழுதியவர் பேரை எழுதவில்லை. இங்கிலாந்தில் இவர் வீட்டு வேலைக்காரப் பெண்களை மாதாவாக வேசம் போட்டு எடுத்தார். அந்தப் பெண்கள் மேரி ஹில்லியர், மேரி ரயன் என்று இன்றைக்கும் எல்லோருக்கும் தெரியும். களுத்துறையில் இவரைச் சந்தித்த ஓவியர் மரியான் நோர்த் ஒரு கதை எழுதிவைத்திருக்கிறார். ஒரு ஆளின் முதுகு அழகாக இருக்கிறது என்று, தோட்டமே இல்லாத வீட்டுக்கு அவரைத் தோட்டக்காரராக வைக்கச் சொன்னாராம். படித்துச் சிரித்தோம். அந்த முதுகுக்காரரின் பேர் மட்டும் கதையில் இல்லை.

"150 வருசத்துக்கு முந்தின வெள்ளைக்காரம்மாகிட்ட இதை எதிர்பார்க்கலாமா?" என்று எங்களில் ஒருத்தி கேட்டாள். நியாயமான கேள்விதான். ஆனால் அவருக்குப் பிறகும் பெரிதாக மாறவில்லை. 1934இல் பசில் ரைட் எடுத்த 'சோங் ஒஃப் சிலோன்' படத்துக்குக் காசு போட்டது சிலோன் தேயிலைப் பிரசார சபை. உலகம் கொண்டாடுகிற படம், உண்மையிலேயே அழகான படம். அதில் விவரணை சொல்லும் குரல் கொழும்பு லயனல் வெண்டுடையது. வெண்ட் நம்ம நாட்டு மாஸ்டர். பியானோ வாசித்தார், '43 குழு' ஓவியர்களைச் சேர்த்து வைத்தார், சோலரைசேஷன் மாதிரி அன்றைக்குப் புதுசான வித்தைகளை இங்கே செய்து பார்த்தார், 1944இல் 44 வயதில் போய்விட்டார். நிழலை எப்படிப் பார்ப்பது என்று இவரிடமும் படிக்கிறோம். இருந்தாலும் இவருடைய கறுப்பு வெள்ளை உடம்புகளில் பலவற்றுக்கும் பேர் கிடையாது.

பேர் பேர் என்று ஏன் இவ்வளவு அடித்துக்கொள்கிறோம் என்று வெளியூர் வாசகர்கள் கேட்கலாம். தோட்டத்தில் 'பேர்' என்றால் அன்றைய நாள் சம்பளம். கொழுந்து கிலோ கூடினால் முழுப் பேர், குறைந்தால் அரைப் பேர். "இந்த மாசம் எத்தனை பேர்?" என்று கேட்டால் எத்தனை நாள் வேலை விழுந்தது என்று அர்த்தம். செக்ரோலில் பேர் விழாவிட்டால் அன்றைக்கு மலையில் நின்றதற்கே கணக்கில்லை. 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தபோது இதே சனம் மொத்தமாக நாட்டின் செக்ரோலிலிருந்தே விழுந்தது. எங்கள் நாலு வீட்டிலும் ஆகப் பழைய படங்களைத் தேடினோம். மூன்று வீட்டில் கிடைத்தது கல்யாணப் படமோ திருவிழாப் படமோ இல்லை. 1964 சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு விண்ணப்பத்துக்கும் பாஸ்போட்டுக்கும் எடுத்த சின்னச் சதுரப் படங்கள். முகம் நேராக, கண் மிரண்டு. நம்ம ஆட்கள் தங்கள் காசில், தங்கள் பேருக்கு எடுத்த படங்கள் அவை. கலை என்று யாரும் சொல்லமாட்டார்கள். எங்களுக்குக் கமரன் படங்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க அவைதான் வேண்டியிருந்தது.

அதனால் இந்த லீவுக்கு வந்தபோது ஒரு சின்ன வேலை தொடங்கினோம். லயத்தில் கதவு வெளிச்சத்தில் எடுப்பது, ஹட்டனில் பிரிண்ட் போடுவது, பின்பக்கம் பேர், டிவிசன், திகதி எழுதி அவர்களிடமே கொடுப்பது. ஒரு பிரதி எங்களிடம். முதலில் உட்கார்ந்த பெரியம்மா பின்சன் வாங்கிப் பல வருசம். "பேர் எழுதட்டுமா பெரியம்மா?" என்று கேட்டதும் பொக்கை வாயால் சிரித்தார். "எழுது சாமி. முழுப் பேராப் போடு, அரைப் பேர் போட்டுறாத." பக்கத்து வீட்டு ஆட்களெல்லாம் சிரித்தார்கள். எழுதும்போது தகப்பன் பேரையும் சேர்க்கச் சொன்னார், புருசன் பேரை வேண்டாம் என்றார். காரணம் கேட்கவில்லை. அந்தப் பேர்களை இங்கே போடாததற்குக் காரணம், படத்துக்குப் பின்னால் எழுதத்தான் அனுமதி கேட்டோம், நெட்டில் போடக் கேட்கவில்லை.

எல்லோரும் பெரியம்மா மாதிரி இல்லை. கொழும்பில் கடையில் வேலை செய்கிற ஒரு தங்கச்சி, தீபாவளிக்கு வந்திருந்தவள், ஆசையாகத்தான் உட்கார்ந்தாள். எடுத்ததில் அதுதான் ஆக நல்ல படம். கன்னத்தில் மட்டும் வெளிச்சம், பார்வை வெளியே. பேனாவை எடுத்ததும் கையைப் பிடித்தாள். "தோட்டத்துப் பேர் வேணாண்ணா. அங்க யாருக்கும் நான் எந்த ஊருன்னு சொன்னதில்ல."

பேர் எழுதுவது மரியாதை என்று நினைத்துப் போன எங்களுக்கு இதற்குப் பதில் தெரியவில்லை. களுத்துறைக் கிழவரிடம் கமரன் பேர் கேட்டு, அவர் சொல்லாமல் விட்டிருப்பாரோ என்றுகூட அன்று ராத்திரி பேசினோம். அப்படி இருக்காது என்றுதான் இப்போதும் நினைக்கிறோம். தங்கச்சி சித்திரைக்குத் திரும்ப வருவதாகச் சொல்லியிருக்கிறாள், அப்போது மறுபடி கேட்போம். அவள் படத்தின் பின்பக்கம் இப்போதைக்குத் திகதி மட்டும் இருக்கிறது.