பிந்திய திருத்தம்

போர்க்காலத்தில் ஓமந்தைச் சோதனைச் சாவடியில் மணிக்கணக்காகக் காத்திருந்தவர்களுள் என் உறவுக்காரத் தங்கையும் ஒருத்தி. அண்மையில் அவ்வூரிலுள்ள அவள் வீட்டுக்குச் சென்றேன். அவளது மகளுக்கு ரெட் நோய். குழந்தைப் பருவத்திலேயே பேச்சும் கைகளின் பயன்பாடும் போய்விட்டன.

"அண்ணை, நீங்கள் எழுதின சிகிச்சை எப்ப வரும்?" என்று 2012இல் நான் எழுதிய செய்தியின் நறுக்கைக் காட்டினாள்.

மைக்ரோகிளியா மூளையின் நோயெதிர்ப்புக் கலங்கள். கழிவை அகற்றுவதோடு, வளரும் மூளையின் மிகையான நரம்பிணைப்புகளையும் அவை களைகின்றன. என்பு மச்சை மாற்றீட்டின் வழி புதிய கலங்கள் மூளையிற் குடியேறி, சுண்டெலிகளில் ரெட் நோயைத் தடுத்தன என்று அவ்வாண்டு 'நேச்சர்' இதழில் ஓர் ஆய்வு வெளிவந்தது. 2015இல் அதே இதழில், அச்சோதனையை மீளச் செய்த வேறு ஆய்வாளர்கள் அப்பயன் கிட்டவில்லை என்றனர். முன்னதை எழுதிய நான் பின்னதை எழுதவில்லை.

ரெட் நோய்க்கென முதன்முதலாக 2023இல் அமெரிக்கா அங்கீகரித்த ட்ரொஃபினெடைட் மருந்தும் அறிகுறிகளைத் தணிக்குமேயன்றி நோயைத் தீர்க்காது. இவை யாவற்றையும் அவளிடம் சொன்னேன்.

"சரிவரேல்லை எண்டு ஒரு வரி போட்டிருக்கலாமே, அண்ணை."

அந்த ஒரு வரிதான் இது.