இரண்டு பெட்டி, ஒரே எண்ணெய்

ஆயுத பூஜைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஜீப்புக்கு கியர் ஆயில் மாற்றும் நாள். அப்பா காலத்திலிருந்து வரும் வழக்கம். அவர் அந்த நாளைத் தேர்ந்தெடுத்ததற்கு மழைதான் காரணம். போடிநாயக்கனூரில் வீடும், மேலே இடுக்கியில் ஏலத்தோட்ட வேலையுமாக இருப்பவர்களுக்கு வருஷத்தில் இரண்டு மழை. ஜூனில் பிடிக்கும் தென்மேற்குப் பருவமழை மலைக்கு அந்தப் பக்கம் கொட்டும். அக்டோபரில் வரும் வடகிழக்கு மழை இந்தப் பக்கம் கொட்டும். போடிமெட்டு வழியாக ஏறி இறங்குகிற வண்டி இரண்டிலும் நனையும். ஆயுத பூஜை பெரும்பாலும் இந்த இரண்டு மழைக்கும் நடுவே விழுகிறது. ஒரு மழையின் அழுக்கை இறக்கிவிட்டு அடுத்த மழைக்கு வண்டியைத் தயார் செய்ய அதைவிட நல்ல நேரம் கிடையாது.

எங்களுடையது மூன்று கியர் கொண்ட பழைய மஹிந்திரா ஜீப். இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்காவில் பிறந்த வில்லிஸ் ஜீப்பின் நேர் வாரிசு. அந்தப் போர் முடிந்த சில ஆண்டுகளில் மஹிந்திரா நிறுவனம் பம்பாயில் அந்த ஜீப்புகளைப் பூட்டத் தொடங்கி, பிறகு இங்கேயே செய்யவும் ஆரம்பித்தது. மலைக்கு மேலே தார் ரோடு எட்டாத எஸ்டேட்டுகளில் உரமூட்டையும் ஆட்களும் ஏலக்காயும் நெடுங்காலம் இந்த வண்டியில்தான் போய்வந்தன.

இதன் வயிற்றில் அடுத்தடுத்து இரண்டு பெட்டிகள் உண்டு. முதலாவது கியர் பாக்ஸ். அதன் முதுகோடு ஒட்டியிருப்பது டிரான்ஸ்ஃபர் கேஸ். என்ஜினிலிருந்து வரும் விசை கியர் பாக்ஸைத் தாண்டியதும் நேராகப் பின்சக்கரத்துக்கு ஓடிவிடுவதில்லை. டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் புகுந்து, பல்சக்கரம் மாறி, ஒரு பக்கமாகத் தள்ளிக் கீழே இறங்கி, அங்கிருந்துதான் முன்னும் பின்னும் பிரிகிறது. லோவில் போட்டால் சக்கரத்தின் வேகம் ஏறக்குறைய இரண்டரை மடங்கு குறைந்து, இழுவை அதே அளவு கூடும். செங்குத்தான இறக்கத்தில் பிரேக்கை நம்பாமல் வண்டியைப் பிடித்து நிறுத்துவது இந்தப் பெட்டிதான்.

இந்த வேலையை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் போடியில் பட்டறை வைத்திருந்த ஒரு மெக்கானிக் அண்ணன். அவர் சொன்ன முதல் பாடம், ஆயிலைச் சூடாக இறக்க வேண்டும் என்பது. ஆறிப்போன கியர் ஆயில் பாகு மாதிரி. பாதி பெட்டிக்குள்ளேயே தங்கிவிடும், அடியில் படிந்த இரும்புத்தூளும் அதோடு கிடந்துவிடும். அதனால் மெட்டுச் சாலையில் பத்து கிலோமீட்டர் ஏறி, திரும்பி வந்து, சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் கொடுத்துவிட்டுத்தான் கீழே படுப்போம்.

இரண்டாவது பாடத்தை நான் பட்டுத்தான் கற்றேன். ஒருமுறை அவர் வருவதற்குள் நானே முடித்துவிடலாம் என்று தோட்டத்துக் கொட்டகையில் வண்டியை நிறுத்தி, கீழே இருக்கும் டிரெயின் பிளக்கைக் கழற்றி ஆயிலை இறக்கினேன். பிறகு பக்கவாட்டில் ஊற்றும் பிளக்கைத் திருகினால் அசையவில்லை. துருப்பிடித்து இறுகிப்போயிருந்தது. எண்ணெய் இல்லாத பெட்டியோடு வண்டியை எடுக்கவும் முடியாது, ஊற்றவும் வழியில்லை. மறுநாள் அண்ணன் வேறு ஜீப்பில் ஏறி வந்து, பிளக்கைச் சுற்றிச் சூடு காட்டி, மெல்லத் தட்டித் தட்டித் திறந்தார். திட்டவில்லை. “தம்பி, மொத ஊத்துற வழியத் தொற. அது தொறந்தாத்தான் எறக்குற வழியில கை வைக்கணும்” என்றார். அன்றிலிருந்து அந்த வரிசையை நான் மாற்றியதில்லை.

மூன்றாவது பாடம் பார்ப்பது. இறங்குகிற எண்ணெயை அவர் சட்டியில் பிடித்து வெயிலில் வைத்துப் பார்ப்பார். இரண்டு விரலில் தொட்டுத் தேய்ப்பார், முகர்வார். கறுத்திருந்தால் அது ஓடிய ஓட்டத்தின் நிறம். தீய்ந்த வாடை அடித்தால் மீறிச் சூடேறியிருக்கிறது. பிளக்கில் மை போல நைசான சாம்பல்நிறப் படிவு இருந்தால் பல்லும் பல்லும் உரசிய சாதாரணத் தேய்மானம். நகத்தில் தட்டுப்படும் சில்லு இருந்தால் உள்ளே ஒரு பல் உடைகிறது. எண்ணெயில் மஞ்சளாக மினுமினுப்பு தெரிந்தால் ஓட்டத்தில் கியர் விழ உதவும் சிங்க்ரோ வளையம் கரைகிறது என்று பொருள். அந்த வளையம் பித்தளை இனம்.

ஒரு வருஷம் எங்கள் வண்டியில் அந்த மினுமினுப்பு தெரிந்தது. வெளியூரில் ஒரு பட்டறையில் ஜி.எல். 5 ரக ஆயிலை ஊற்றியிருந்தார்கள். அது கிரவுன் பல்லுக்கு, அதாவது ஆக்சிலுக்கு உகந்த ரகம். அங்கே பற்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி அழுத்துவதால் கந்தகமும் பாஸ்பரஸும் சேர்ந்த வலுவான கலவை தேவைப்படுகிறது. அதே கலவை பல ஆயில்களில் பித்தளையை மெல்ல அரித்துவிடும். பழைய ஜீப்பின் கியர் பாக்ஸுக்கு ஜி.எல். 4 போதும். கடையில் 80 டபிள்யூ 90 என்று கேட்டால் இரண்டு ரகமும் கிடைக்கும். டப்பாவில் இருக்கும் அந்தச் சின்ன எழுத்தைப் படித்து வாங்குவது வாங்குபவர் பொறுப்பு.

நெல்லியாம்பதியில் ஜீப் ஓட்டும் நண்பர் ஒருவர் அஞ்சுவது வேறொன்றுக்கு, தண்ணீருக்கு. பாலக்காட்டின் அந்த மலையில் மழைக்காலத்தில் பாதைக்குக் குறுக்கே ஓடை பாயும். ஏற்றம் ஏறிக் கொதித்த பெட்டி குளிர்ந்த நீரில் முங்கும்போது உள்ளே இருக்கும் காற்று சட்டென்று சுருங்கும். பெட்டியின் மூச்சுக்குழாய் அடைத்திருந்தால் அந்தச் சுருக்கம் தேய்ந்த ஆயில் சீல் வழியே தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். பிறகு இறக்கினால் எண்ணெய் பால் விட்ட காப்பி நிறத்தில் வரும். அந்த நிறத்தைப் பார்த்த பின் அடுத்த வருஷம் மாற்றிக்கொள்ளலாம் என்று யாரும் தள்ளிப்போடக் கூடாது.

இதையெல்லாம்விட என் மனதில் ஊன்றியது அண்ணன் சொன்ன நாலாவது விஷயம். இந்தப் பழைய ஜீப்பில் கியர் பாக்ஸும் டிரான்ஸ்ஃபர் கேஸும் பார்க்க இரண்டு பெட்டி. ஊற்றவும் இறக்கவும் தனித்தனிப் பிளக்குகள். ஆனால் நடுவே எண்ணெய் போய்வர வழி இருக்கிறது. ஓட ஓட இதிலிருந்து அதற்கும் அதிலிருந்து இதற்கும் எண்ணெய் நகரும். அதனால் ஒன்றில் மட்டும் புதிதாக ஊற்றி மற்றதை விட்டால் பழைய அழுக்கு வந்து புதியதில் கலந்துவிடும். மாற்றினால் இரண்டையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும்.

எல்லையில் வாழ்கிறவனுக்கு இதை மெக்கானிக் வேலையாக மட்டும் கேட்டுக்கொள்ள முடியவில்லை. கொழுக்குமலை தேனி மாவட்டத்தில், தமிழ்நாட்டில் இருக்கிறது. ஆனால் ஜீப் போகும் பாதை கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்துதான் தொடங்குகிறது. பரம்பிக்குளம் பாலக்காடு மாவட்டத்தில், கேரளத்தில் இருக்கிறது. அதற்கு வண்டி போகும் பாதையோ பொள்ளாச்சிப் பக்கம் சேத்துமடை, டாப்ஸ்லிப் வழியாகத் தமிழ்நாட்டுக்குள் ஓடுகிறது. 1895 முதல் முல்லைப்பெரியாற்றுத் தண்ணீர் இடுக்கி மலையிலிருந்து கம்பம் பள்ளத்தாக்குக்கு இறங்குகிறது. அந்தப் பள்ளத்தாக்கிலிருந்து விடியுமுன் ஜீப்புகளில் பெண்கள் தூக்குச்சட்டியோடு இடுக்கிக்கு ஏலக்காய் எடுக்க ஏறுகிறார்கள். இரு பக்கமும் தனித்தனியாக நிற்பதாக வரைபடம் காட்டுகிறது. நடுவே இருக்கும் வழியை அதில் பார்க்க முடியாது.

அந்தப் பெண்களை நினைத்துத்தான் நான் இந்த வேலையை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். மாலையில் களைத்து, ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து, அவர்கள் இறங்கி வரும் வண்டி கொண்டை ஊசி வளைவில் கியரிலிருந்து நழுவினால் மிஞ்சுவது பிரேக் ஒன்றுதான். எங்கள் மூன்று கியர் ஜீப்பில் முதல் கியருக்குச் சிங்க்ரோ கிடையாது. ஓட்டத்தில் தேடினால் விழாது, இறக்கம் தொடங்குமுன்பே போட்டாக வேண்டும். போட்ட கியர் நிற்க வேண்டும். அது நிற்பது பல் தேயாமல் இருப்பதைப் பொறுத்தது. பல் தேயாமல் காப்பது சட்டியில் அரைகுறையாகத் தெரியும் அந்தக் கறுப்பு எண்ணெய்.

மேடு பள்ளத்தில் என்ன நேருமோ என்று உப்பு வணிகர்கள் வண்டியின் கீழ்மரத்தில் ஒரு சேம அச்சைக் கட்டிக்கொண்டு போனதை ஔவையார் புறநானூற்றில் சொல்கிறார். வண்டிக்கு அடியில் குனிந்து பார்க்கும் பழக்கம் நமக்கு அத்தனை பழையது. மாட்டு வண்டி வைத்திருந்தவர்கள் வைக்கோல் கரியையும் விளக்கெண்ணெயையும் குழைத்து அச்சுக்கு மை போட்டார்கள். நாம் இன்று பானெட்டுக்குச் சந்தனம் பூசி, மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கிவிட்டு, அடியைப் பார்க்க மறந்துவிடுகிறோம்.

இந்த வருஷமும் பிளக்குகளைத் துடைத்து, புதுச் செம்பு வாஷர் போட்டு, ஊற்றும் துளையின் விளிம்பில் எண்ணெய் வழிந்து சொட்டும்வரை இரண்டு பெட்டியிலும் ஊற்றினேன். இறக்கிய பழைய எண்ணெயைக் கேனில் அடைத்து, கழிவு எண்ணெய் எடுப்பவரிடம் கொடுத்தேன். வாய்க்காலில் கொட்டினால் அது கொட்டகுடி ஆற்றுக்குப் போகும், அங்கிருந்து வைகைக்குப் போகும்.

மறுநாள் சூரியநெல்லி வரை போய்வந்து, அளவு பார்க்க மறுபடி பிளக்குகளைத் திறந்தேன். கியர் பாக்ஸில் அரை விரல் குறைந்திருந்தது. எங்கும் கசிவு இல்லை, தரையில் ஒரு சொட்டுகூட இல்லை. டிரான்ஸ்ஃபர் கேஸின் பிளக்கைத் தளர்த்தியதும் எண்ணெய் மெல்லிய இழையாக வழிந்து என் மணிக்கட்டில் இறங்கியது. குறைந்தது அந்தப் பக்கம் போயிருக்கிறது. குறைந்த இடத்தில் கொஞ்சம் ஊற்றி, இரண்டையும் மூடினேன்.