கடல் கடக்கும் பெட்டி

பண்டைத் தமிழர் சுங்கத்தை அறியாதவர் அல்லர். காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் இறங்கிய பொதிகளுக்கும் ஏறிய பொதிகளுக்கும் புலிமுத்திரை பொறிக்கப்பட்ட செய்தியைப் பட்டினப்பாலை கூறுகிறது. வேந்தனுக்கு உரிய பொருள்களுள் ஒன்றாக உல்குபொருளை வள்ளுவர் எண்ணினார். முதற் குலோத்துங்கனைச் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று நாடு போற்றியதென்றால், அதைத் தவிர்ப்பது எத்துணை அரிய செயல் என்பது தானே விளங்கும்.

தஞ்சை மாவட்டத்துச் சிற்றூரை விட்டு மும்பைக்குக் குடிபெயர்ந்த எம் போன்ற குடும்பங்களுக்கும் எல்லையும் சோதனையும் புதியன அல்ல. 1960களில் மாநிலம் விட்டு மாநிலம் அரிசி கொண்டு செல்லக் கட்டுப்பாடு இருந்தது. ஊரிலிருந்து வரும் பாட்டி, பேரப்பிள்ளைகளுக்கென்று நாலு படி புழுங்கலரிசியைப் புடவை மூட்டைக்குள் வைத்துக்கொண்டு, இரயில் நிற்கும் ஒவ்வொரு நிலையத்திலும் மனம் படபடக்க அமர்ந்திருந்த கதையை எங்கள் வீட்டில் இன்றும் சொல்வதுண்டு. இம்மாநகரின் வாயில்களில் ஆக்டிராய் வரி வாங்கும் நாக்காக்கள் 2017-இல் பொருள்கள், சேவைகள் வரி வரும்வரை இருந்தன.

இப்போது காலம் ஒரு படி மேலே போய்விட்டது. நாம் ஊரை விட்டு வந்தோம். நம் மக்கள் நாட்டை விட்டுச் சென்றுவிட்டனர். ஊரிலிருந்து நமக்கு மூட்டை வந்த நிலை மாறி, நம்மிடமிருந்து அவர்களுக்குப் பெட்டி போகும் நிலை வந்திருக்கிறது. அந்தப் பெட்டியைக் கட்ட உட்காரும்போதுதான், நம் அடுக்களையிலும் பூசையறையிலும் உள்ள பொருள்களை உலகம் எத்தகைய கண்களால் பார்க்கிறது என்பது நமக்குத் தெரியவருகிறது.

மெல்போர்னில் வாழும் எங்கள் மகள் தலைப்பிரசவத்துக்குக் காத்திருந்த மாதங்களில் நாங்கள் ஒரு பட்டியல் எழுதினோம். கொத்தமல்லி விதை, சீரகம், வற்றல் மிளகாய், துவரம்பருப்பு, பயறு, கைக்குத்தல் அரிசி, நெய்யில் செய்த பால் இனிப்பு என்று அது நீண்டது. பட்டியலைப் படித்துக் காட்டியபோது தொலைபேசியின் மறுமுனையில் சிரிப்பொலி கேட்டது. "அம்மா, நீங்கள் சொல்வதில் பாதி இந்நாட்டுக்குள் நுழையவே முடியாது. அனுப்பினால் எரித்துவிடுவார்கள்" என்றாள் மகள். எரிப்பது என்ற சொல் எங்களைச் சுட்டது. தாய் கைபடப் புடைத்துக் காயவைத்த மல்லியை எரிப்பதா?

அதன் காரணத்தை விசாரித்து அறிந்தபின் சினம் தணிந்தது. காப்ரா வண்டு என்றொரு சிறு பூச்சி உண்டு. அதன் பூர்வீகம் இந்தியா என்றே கருதப்படுகிறது; ஒரு வகையில் நமக்கு முன்னே உலகெங்கும் குடிபெயர்ந்த பிறவி அது! அதன் புழு உணவே இல்லாமல் ஆண்டுக்கணக்கில் இடுக்கில் ஒடுங்கிக் கிடக்கவல்லது. கோதுமையையும் பிற தானியங்களையும் ஏற்றுமதி செய்து வாழும் நாட்டில் அது ஒருமுறை குடியேறினால் களஞ்சியங்கள் பாழாகும். ஆதலால் 2020 முதல் ஆஸ்திரேலியா, அஞ்சலிலும் பயணிகளின் பெட்டியிலும் வரும் அரிசி, பருப்பு, கொண்டைக்கடலை, கொத்தமல்லி விதை, சீரகம், வற்றல் மிளகாய் ஆகியவற்றைத் தடுத்தது. இதே வண்டுக்கு அஞ்சி அமெரிக்கா 2011-லேயே நம் நாட்டிலிருந்து பயணிகள் அரிசி கொண்டு வருவதைத் தடை செய்தது.

பால் இனிப்புக்குத் தடையாக நிற்பது கோமாரி நோய். ஆஸ்திரேலியாவில் அந்நோய் கடைசியாகக் காணப்பட்டது 1872-இல். 2001-இல் அது பிரிட்டனில் பரவியபோது அறுபது இலட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் கொல்லப்பட்டன. கறிவேப்பிலைக்கும் இத்தகைய வரலாறு உண்டு. எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களை அழிக்கும் நோயைச் சுமக்கும் பூச்சி கறிவேப்பிலையில் வாழ்வதால், பச்சைக் கறிவேப்பிலையை அமெரிக்கா உள்ளே விடுவதில்லை. நாம் குழம்பில் ஒதுக்கிவைக்கும் இலையை அவர்கள் துறைமுகத்திலேயே ஒதுக்கிவிடுகின்றனர்.

வேறு சில தடைகள் நோயைப் பற்றியன அல்ல. நாம் குருமாவுக்கு அரைக்கும் கசகசா, அபினிச் செடியின் விதை. அதனால் சிங்கப்பூரிலும் ஐக்கிய அரபு நாடுகளிலும் அது விலக்கப்பட்ட பொருள். இங்கே மருத்துவர் சீட்டில் சாதாரணமாக எழுதித் தரும் டிரமடால், கோடீன் கலந்த வலி மாத்திரைகளும் அரபு நாடுகளில் முன் அனுமதியின்றிக் கொண்டு செல்லத் தகாதவை. பூசைக்குரிய கற்பூரமும் கொப்பரையும் எளிதில் தீப்பற்றுவன என்று விமானப் போக்குவரத்து விதிகள் வகைப்படுத்தியிருக்கின்றன. முருகன் படத்துக்குச் சார்த்தும் மயிற்பீலியை நம் நாடே வெளியே அனுப்ப விடுவதில்லை. ஆம், தடை என்பது அயலார் மட்டும் விதிப்பதன்று. பெட்டி இரண்டு வாயில்களைக் கடக்க வேண்டும். முதல் வாயில் நம்முடையது.

அந்த முதல் வாயிலில்தான் எங்களுக்கு மெய்யான சோதனை காத்திருந்தது. மகள் எங்களிடம் விரும்பிக் கேட்டவை இரண்டே பொருள்கள். ஒன்று, பாட்டியின் திருமணச் சீராக வந்த பித்தளைக் குத்துவிளக்கு. மற்றொன்று, அவள் பாட்டனாரின் பாட்டனார் வைத்திருந்த வைத்திய ஓலைச்சுவடிக் கட்டு. பிறக்கப்போகும் பிள்ளைக்குத் தன் குலம் இன்னதென்று காட்ட இவை வேண்டும் என்றாள்.

1972-ஆம் ஆண்டின் தொல்பொருள்கள், கலைச்செல்வங்கள் சட்டம் இங்கே குறுக்கே வந்தது. நூறு ஆண்டுக்குக் குறையாத கைவினைப் பொருளும் சிற்பமும் தொல்பொருள். அறிவியல், வரலாறு, இலக்கியம், அழகு இவற்றுள் ஒன்றால் மதிப்புப் பெற்ற கையெழுத்துச் சுவடிக்கோ எழுபத்தைந்து ஆண்டே போதும். தனியார் எவரும் இவற்றை நாட்டை விட்டு அனுப்ப இயலாது. நம் கோயில் திருமேனிகள் எத்தனை கடல் கடந்து போயின, அவற்றுள் சிலவற்றை மீட்க எத்தனை ஆண்டு ஆயின என்பதை அறிந்த நாம் இச்சட்டத்தை எப்படிக் குறை சொல்வது?

குத்துவிளக்கின் அடித்தட்டில் அக்கால வழக்கப்படி பெயரும் ஆண்டும் வெட்டப்பட்டிருந்தன. ஆண்டு 1931. நூறு நிறைய இன்னும் சில ஆண்டுகளே இருந்தன. தொல்லியல் துறையில் படத்துடன் விண்ணப்பித்து, அறிஞர் பார்வைக்கு வைத்து, தொல்பொருள் அன்று என்னும் சான்றிதழ் பெற்றோம். 2031-க்குப் பின் கேட்டிருந்தால் அச்சான்று கிடைத்திராது. பாட்டியின் பெயரை வெட்டிய அந்தக் கன்னானின் உளியே எங்களுக்குச் சாட்சி சொன்னது.

விளக்கைப் புளியிட்டுத் துலக்கி, எண்ணெய்ப் பிசுக்கும் திரித்துணுக்கும் இல்லாமல் துடைத்தோம். பித்தளைப் பாத்திரத்தை வைக்கோலில் பொதிவது நம் பழைய வழக்கம். ஆஸ்திரேலியாவுக்கு வைக்கோல் ஆகாது. மரப்பெட்டியானால் அம்மரம் உள்ளும் 56 பாகை வெப்பத்தில் முப்பது நிமிடம் சூடாக்கப்பட்டதென்று முத்திரை வேண்டும். ஆகவே புதிய அட்டைப்பெட்டியே போதுமென்று முடிவு செய்தோம். அஞ்சல் நிலையத்துச் சுங்க அறிவிப்புப் படிவத்தில் 'வீட்டுச் சாமான்' என்று பொத்தாம்பொதுவாக எழுதாமல், 'பித்தளை விளக்கு, பழையது, ஒன்று' என்று எழுதி எடையும் மதிப்பும் குறித்தோம். சுங்கத்தின் முன் மனிதனைக் காப்பது அவனது வாய்மையே. அறிவித்த பொருளை அவர்கள் விலக்கலாம்; ஆனால் மறைத்த பொருளுக்கோ தண்டம் உண்டு, ஆஸ்திரேலியாவில் விசாவே இரத்தாவதும் உண்டு.

இவ்விதிகள் நிலையாக நிற்பனவும் அல்ல. எண்ணூறு டாலர் வரையுள்ள பொதிக்குத் தீர்வை இல்லை என்ற அமெரிக்கச் சலுகை 2025 ஆகஸ்டு 29-இல் முடிவுற்றபோது, நம் அஞ்சல் துறை அந்நாட்டுக்குப் பொதி ஏற்பதைச் சில வாரங்கள் நிறுத்தி, அக்டோபர் 15-இல்தான் மீண்டும் தொடங்கியது. ஆதலின் சென்ற ஆண்டு போன பொருள் இவ்வாண்டும் போகும் என்று எண்ணாமல், சேருமிடத்துச் சுங்கத்துறையின் அறிவிப்பைப் பெட்டி கட்டுமுன் பார்த்துக்கொள்வதே அறிவுடைமை.

சுவடிக் கட்டு போகவில்லை. அதன் ஒவ்வோர் ஏட்டையும் பகலொளியில் படம் பிடித்து மகளுக்கு அனுப்பினோம். எழுத்து கடல் கடந்தது, ஓலை கடக்கவில்லை. ஆயினும் ஒரு வினா எங்களை விட்டு நீங்கவில்லை. எங்களுக்குப் பின் இவ்வோலைக்கு எண்ணெய் தடவ இந்நாட்டில் யார் இருப்பர்? பொருளுக்கு வயது ஏற ஏற, அது தன் வாரிசைப் பின்தொடரும் உரிமையை இழக்கிறது. குடும்பம் அதை விட்டு அகல அகல, அது நாட்டுக்கு உரியதாகிறது.

இதற்கு விடையாக நாங்கள் கண்டது ஒன்றே. தஞ்சைச் சரசுவதி மகால் போன்ற சுவடி நூலகம் ஒன்றில், குடும்பத்தின் பெயரால், நாங்கள் வாழுங்காலத்திலேயே அதை ஒப்படைப்பது என்று தீர்மானித்திருக்கிறோம். பேரன் பிறந்திருக்கிறான். என்றேனும் ஒருநாள் அவன் இங்கு வந்து, எண்ணிட்ட அடுக்கிலிருந்து அக்கட்டை எடுத்துத் தரச்சொல்லிப் பார்க்கலாம். அதைப் படிக்க அவனுக்குத் தமிழ் எழுத்து தெரிந்திருக்க வேண்டும். அதை அனுப்ப எந்தச் சுங்கமும் தடையில்லை. வாரந்தோறும் ஞாயிறு காலையில், கணினித் திரையின் முன் அமர்ந்து, அவன் தாய்க்கு நாங்கள் அதைத்தான் நினைவூட்டி வருகிறோம்.