கப்பலில் ஒரு திண்ணை

அமெரிக்காவில் பிள்ளையோ பெண்ணோ இருக்கும் வீடுகளில் பங்குனி, சித்திரை வந்தால் ஒரு டெலிபோன் பேச்சு தவறாமல் நடக்கிறது. "அம்மா, ஜூலையில் நீங்கள் இங்கே வரும்போது உங்களையும் அப்பாவையும் அலாஸ்காவுக்குக் கப்பலில் அனுப்பி வைக்கலாம் என்றிருக்கிறோம். ஏழு நாள் பிரயாணம். பால்கனி வைத்த அறை போடட்டுமா, உள் அறை போதுமா?"

அதற்கு நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள் என்பது எனக்குத் தெரியும். "எங்களுக்கு எதற்கடா பால்கனியும் கீல்கனியும்? எது மலிவோ அதைப் போடு" என்று சொல்லிவிடுவீர்கள். டெலிபோனை வைத்த பிறகு, 'ஏழு நாளும் ஜன்னல் இல்லாத அறையிலா?' என்று மனசு அடித்துக்கொள்ளும். பிள்ளையிடம் திரும்பக் கேட்கவும் கூச்சமாக இருக்கும். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். சியாட்டில் துறைமுகத்திலிருந்து புறப்பட்டு அதே துறைமுகத்துக்குத் திரும்பும் அந்த ஏழு நாள் பிரயாணத்தை ஒரு ஜூலை மாதத்தில் நான் போய் வந்தேன். பத்திரிகை ஆபீசில் கொடுத்த பணத்துக்கு எனக்குக் கிடைத்தது உள் அறை. பால்கனி அறைகளில் எப்படி உட்கார்ந்திருந்தேன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

கப்பலில் அறைகள் பொதுவாக நாலு தினுசு. கப்பலின் வயிற்றுக்குள் இருப்பது உள் அறை. ஜன்னல் கிடையாது; விளக்கை அணைத்தால் நடுப்பகலிலும் அமாவாசைதான். அதற்கு மேற்பட்டது ஜன்னல் அறை. கண்ணாடி வழியாகக் கடலைப் பார்க்கலாம், ஆனால் அந்தக் கண்ணாடி திறக்காது. மூன்றாவது, கதவைத் திறந்தால் இரண்டு நாற்காலியும் ஒரு குட்டி மேஜையும் போடும் அளவுக்கு வெளியே இடமுள்ள பால்கனி அறை. நாலாவது தினுசு பெரிய மனிதர்களுக்கு. அதை விட்டுவிடுவோம்.

இந்தப் பால்கனி மோகம் அவ்வளவு பழசு அல்ல. இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் பி. அண்ட் ஓ. கப்பல்கள் ஓடிய நாளில் யாரும் பால்கனி கேட்கவில்லை. வெயில் படாத பக்கம்தான் கேட்டார்கள். சூயஸ் வழியாகக் கிழக்கே வரும்போது இடது பக்கமும், திரும்பிப் போகும்போது வலது பக்கமும் வெப்பம் குறைவு. பணக்காரர்கள் அந்தப் பக்கத்து அறைகளைப் பிடித்ததால், அதற்கான ஆங்கில வார்த்தைகளின் முதல் எழுத்துக்கள் சேர்ந்து 'போஷ்' என்ற சொல் பிறந்தது என்று ஒரு கதை உண்டு. கதை ரொம்ப அழகாக இருக்கிறது. ஆனால் அப்படி முத்திரை குத்திய டிக்கெட்டு ஒன்றுகூட இதுவரை அகப்படவில்லை என்று அகராதிக்காரர்கள் கையை விரித்துவிட்டார்கள்.

1984-ஆம் ஆண்டில் 'ராயல் பிரின்ஸஸ்' என்ற கப்பல் வந்தது. அதில் உள் அறையே கிடையாது. எல்லா அறைகளும் கடலைப் பார்த்தவை, பல அறைகளுக்குப் பால்கனியும் உண்டு. அதற்குப் பிறகு கப்பல் கட்டுகிறவர்களுக்கு ருசி கண்டுவிட்டது. 2009-இல் வந்த 'ஓயாஸிஸ் ஆப் தி ஸீஸ்' கப்பலில், கடலைப் பார்க்காமல் கப்பலுக்குள்ளேயே இருக்கும் தோட்டத்தைப் பார்க்கும் பால்கனிகள்கூட வைத்துவிட்டார்கள். கடலுக்குப் போய்த் தோட்டத்தைப் பார்ப்பதற்கு எதற்குக் கப்பல் என்று நம் ஊர்க்காரர் யாராவது கேட்டால் குற்றமில்லை.

சரி, காசு விஷயத்துக்கு வருவோம். கப்பலில் கட்டணம் அறைக்கு அல்ல, தலைக்கு. ஓர் அறைக்கு இரண்டு பேர் என்று வைத்துத்தான் விலை சொல்வார்கள். தனியாகப் போகிறவர் பெரும்பாலும் இரண்டு பேருடைய பணத்தையும் கட்ட வேண்டியிருக்கும். சாப்பாடு, நாடகம், நீச்சல் குளம் எல்லாம் உள் அறைக்காரருக்கும் பால்கனிக்காரருக்கும் ஒன்றேதான். தயிர் சாதம் இரண்டு பேருக்கும் கிடைக்காது. வித்தியாசம் முழுவதும் அந்தக் கதவுக்கும் அதற்கு அப்பால் உள்ள நாற்காலிக்கும்தான்.

அந்த வித்தியாசம் மாதத்துக்கு மாதம், கப்பலுக்குக் கப்பல் மாறும். கணக்குக்காக ஆளுக்கு 500 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேருக்கு 1,000 டாலர். ஏழு நாளில் அந்த நாற்காலியில் நீங்கள் 20 மணி நேரம் உட்கார்ந்தால் மணிக்கு 50 டாலர். பனிமலையைப் பார்க்க மட்டும் இரண்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, மற்ற நேரமெல்லாம் கீழே விருந்தும் வேடிக்கையுமாக இருந்தால் மணிக்கு 500 டாலர்! ஆகவே முதலில், அந்த நாற்காலியில் உட்கார எத்தனை மணி நேரம் கிடைக்கும் என்று பார்க்க வேண்டும்.

சியாட்டிலிலிருந்து கிளம்பும் கப்பல்களில் பல, வான்கூவர் தீவுக்கு மேற்கே திறந்த பசிபிக் சமுத்திரத்தில் போகின்றன. முதல் நாள் முழுவதும் பால்கனியிலிருந்து தெரிவது தண்ணீர், மறுபடியும் தண்ணீர். காற்றும் பலமாக அடிக்கும். கனடாவின் வான்கூவர் நகரிலிருந்து புறப்படும் கப்பல்களோ தீவுக்கும் நிலத்துக்கும் இடையே உள்ள குறுகிய உள்வழியாகப் போகின்றன. இரு பக்கமும் காடும் மலையும் கூடவே வரும். பால்கனிக்குப் பணம் கொடுப்பதானால் அந்த வழிக்குக் கொடுக்கலாம். ஆனால் அதற்குக் கனடா விசா வேண்டும். சியாட்டிலிலிருந்து போனாலும் கனடாவை முழுதும் தப்ப முடியாது. அயல்நாட்டுக் கொடி பறக்கும் கப்பல் அமெரிக்கத் துறைமுகத்தில் புறப்பட்டு அங்கேயே திரும்புவதானால் நடுவில் ஓர் அந்நியத் துறைமுகத்தைத் தொட வேண்டும் என்று 1886-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று சொல்கிறது. அதற்காகவே விக்டோரியா என்ற கனடா ஊரில் ஒரு சாயங்காலம் கப்பலை நிறுத்துகிறார்கள். விசா விஷயத்தைப் பிள்ளையிடம் முன்கூட்டியே விசாரிக்கச் சொல்லுங்கள்.

நடுவில் கெச்சிகன், ஜூனோ, ஸ்காக்வே என்று ஊர்கள். ஊரில் நிற்கும்போது எல்லோரும் இறங்கிவிடுவோம். அப்போது பால்கனியிலிருந்து தெரிவது பக்கத்தில் நிற்கும் இன்னொரு கப்பலின் பால்கனியாகவும் இருக்கலாம். கெச்சிகனில் மழை என்றால் நம் ஊர் மழை அல்ல. சென்னையில் வருஷத்துக்குச் சுமார் 55 அங்குலம் பெய்கிறது; அங்கே சுமார் 150 அங்குலம். நல்ல கோடையிலும் ஸ்வெட்டர் இல்லாமல் வெளியே உட்கார முடியாது. மாமாக்கள் நம் ஊர்க் குரங்குக் குல்லாயை எடுத்துப் போக வெட்கப்பட வேண்டாம்.

இந்தப் பிரயாணத்தின் உச்சி, க்ளேஸியர் பே என்ற பனி விரிகுடா. 1794-இல் கேப்டன் வான்கூவரின் கோஷ்டி இந்தப் பக்கம் வந்தபோது, விரிகுடா என்றே சொல்ல முடியாதபடி வாயிலிலேயே பனிச் சுவர் நின்றது. 1916-க்குள் அந்தச் சுவர் 65 மைல் பின்வாங்கிவிட்டது! பனி விட்டுப் போன இடத்தில்தான் இன்று கப்பல்கள் போகின்றன. ஒரு நாளைக்கு இரண்டு பெரிய கப்பல்களுக்கு மேல் அனுமதி இல்லை. அதனால் அலாஸ்கா போகும் எல்லாக் கப்பலும் அங்கே போவதில்லை, அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். காலையில் தேசியப் பூங்காவின் ரேஞ்சர்கள் சின்னப் படகில் வந்து கப்பலில் ஏறிக்கொள்கிறார்கள். நாள் முழுவதும் ஒலிபெருக்கியில் விளக்கம் சொல்கிறார்கள்.

கோடியில் மார்ஜரி பனியாறு. சுமார் ஒரு மைல் அகலம்; தண்ணீருக்கு மேலே சுமார் 250 அடி உயரம். வெள்ளை என்று நினைத்துப் போனேன். வெடிப்புகளுக்குள் சொட்டு நீலம் போட்ட வேஷ்டியின் நிறம். ஒரு துண்டு சரிந்து தண்ணீரில் விழுகிறது. விழுந்ததைக் கண் பார்த்த பிறகுதான் இடிச் சத்தம் வந்து சேருகிறது. அத்தனை ஜனங்களும் மேல்தளத்தில் பேச்சு மூச்சில்லாமல் நின்றார்கள். சுமார் ஒரு மணி நேரம் அங்கேயே நின்ற கப்பலை, இரு பக்கத்துப் பால்கனிக்காரரும் பார்க்கும்படி மெதுவாகச் சுற்றித் திருப்பினார் காப்டன்.

இந்தக் காட்சிக்காகவே பால்கனி எடுக்க வேண்டும் என்று பலர் சொல்வார்கள். என் அபிப்பிராயம் வேறு. பால்கனியில் ஒரு பக்கம்தான் தெரியும். மேல்தளத்தில் முன்னும் பின்னும் இரு பக்கமும் தெரியும். மேல்தளத்துக்கு டிக்கெட்டு கிடையாது. காலும் முழங்காலும் ஒத்துழைக்கிறவர்களுக்கு அன்றைக்கு மேல்தளம்தான் சிறந்த இடம்.

பின் பால்கனி யாருக்கு? எங்கள் கப்பலில் மாம்பலத்திலிருந்து வந்த ஒரு மாமி இருந்தார். முழங்கால் வலி, குளிரில் மணிக்கணக்காக நிற்க முடியாது. பிள்ளை பால்கனி அறை போட்டிருந்தான். என்னைக் கூப்பிட்டு அந்த இன்னொரு நாற்காலியில் உட்கார வைத்தார். அதிகாலை நாலரை மணி. அந்த மாதத்தில் அங்கே நாலு மணிக்கே பொழுது விடிந்துவிடுகிறது. இரவு பத்து மணி வரை சூரியன் போவதில்லை. உள்ளே மாமா குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். கம்பளியைப் போர்த்திக்கொண்டு, காப்பிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தபடி மாமி சொன்னார்: "கல்யாணம் ஆகி நாற்பத்திரண்டு வருஷம். காலைக் காப்பியை நின்னுண்டேதான் குடிச்சிருக்கேன். உட்கார்ந்தா யாராவது கூப்பிடுவா. இங்கே யாரும் கூப்பிடல்லே பாரு."

மலைகள் மெதுவாக நகர்ந்து போயின. நானும் பேசவில்லை. பனியாற்றைக்கூட மாமி அப்படித்தான் பார்த்தார், கப்பல் திரும்பும் வரை காத்திருந்து, உட்கார்ந்தபடியே. அவர் அந்த ஏழு நாளில் முப்பது மணி நேரத்துக்குக் குறையாமல் அங்கே உட்கார்ந்திருப்பார். (ஒரே ஒரு வருத்தம் அவருக்கு. பால்கனிக் கம்பியில் ஈரப் புடவை உலர்த்தக் கூடாது என்று அறைப் பையன் சொல்லிவிட்டான்.)

இதைக் கேட்டு உடனே பால்கனிக்குச் 'சரி' சொல்லிவிடாதீர்கள். சாப்பாட்டு மேஜையில் எனக்கு இன்னொரு குடும்பம் சிநேகமாயிற்று. கோயமுத்தூர்க்காரர்கள். கணவன், மனைவி, கூடவே கணவனின் அத்தை. அத்தை சிறு வயதிலேயே கணவரை இழந்தவர். அண்ணன் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவர். மூன்று பேருக்கும் ஒரே உள் அறை. ஓர் அறையில் மூன்றாவது ஆளுக்குப் பெரும்பாலும் கட்டணம் குறைவு. சுவரிலிருந்தோ கூரையிலிருந்தோ இறங்கும் படுக்கை ஒன்று இருக்கும். அந்தப் பெண் எனக்குக் கணக்குச் சொன்னாள்: இருவருக்குப் பால்கனி எடுத்தால் ஆகும் அதிகப்படிப் பணத்தில், உள் அறைக்கு இறங்கி அத்தையையும் அழைத்து வந்துவிட்டார்களாம். மேல் படுக்கையில் ஏறியது மருமகன்தான்.

"அறை இருட்டாக இருக்கிறதே, உங்களுக்குக் கஷ்டமாக இல்லையா?" என்று அத்தையைக் கேட்டேன். "தூங்கறதுக்கு எதுக்குங் கண்ணு வெளிச்சம்? என்னையும் கூட்டியாந்தாங்களே, அது போதாதுங்களா?" என்றார். பகல் முழுவதும் அவர் மேல்தளத்தில் கண்ணாடிச் சுவர் ஓரமாக இருந்தார். எங்கள் கப்பலில் முதல் திமிங்கிலத்தை எனக்குக் காட்டிக் கொடுத்தவர் அவர்தான்.

மாமிக்குக் கிடைத்தது உசத்தியா, அத்தைக்குக் கிடைத்தது உசத்தியா என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் உங்கள் வீட்டில் அழைத்துப் போக வேண்டிய ஓர் அத்தை இருக்கிறாரா, உட்கார வேண்டிய ஒரு மாமி இருக்கிறாரா என்பது உங்களுக்குத் தெரியும். பணத்தைப் பற்றிய பேச்சை அங்கிருந்து ஆரம்பியுங்கள். "எது மலிவோ அதைப் போடு" என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்த மாமி நீங்களாகவே இருக்கலாம்.

சில சில்லறை விஷயங்கள் பாக்கி. உள் அறை எடுக்கிறவர்கள் டெலிவிஷனில் கப்பலின் முன்புறத்தைக் காட்டும் சானல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சத்தத்தை நிறுத்திவிட்டு இரவு முழுவதும் ஓட விடுங்கள். விடிவதும் தெரியும், பாத்ரூமுக்குப் போக வெளிச்சமும் கிடைக்கும். தலை சுற்றுகிறவர்கள் உச்சி மாடிப் பால்கனியைவிடக் கப்பலின் நடுவில், கீழ்த் தளத்து அறையைக் கேளுங்கள். அங்கேதான் ஆட்டம் குறைவு. 'பால்கனி மலிவு' என்று விளம்பரம் வந்தால், எதிரே உயிர்காப்புப் படகு தொங்கிக் காட்சியை மறைக்கிறதா என்று கேளுங்கள். குழந்தைகள் உள்ளவர்கள் பால்கனிக் கதவின் தாழ்ப்பாள் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறதா என்று ஏறியவுடனே பார்த்துவிடுங்கள். மூன்று பேருக்கு இடமுள்ள உள் அறைகள் ஒவ்வொரு கப்பலிலும் கொஞ்சம்தான். அத்தையை அழைத்துப் போவதாக முடிவு செய்தால், பிள்ளைக்கு இன்றைக்கே டெலிபோன் செய்யுங்கள்.