எனக்கே காது குத்திட்டாங்க!

எனக்கு ஒரு வயதிலேயே காது குத்தியாகிவிட்டது. மொட்டை போட்டு, சந்தனம் பூசி, தாய்மாமன் மடியில் உட்காரவைத்து, எல்லாம் முறைப்படி நடந்ததற்கு சாயம் போன கலர் போட்டோ ஒன்று சாட்சி. ஆகவே யாராவது கதை விட்டால், "எனக்கே காது குத்தறியா?" என்று கேட்கும் தகுதி எனக்கு முழுசாக உண்டு. அந்தத் தகுதியை முப்பத்து நாலாவது வயதில், ஒரு ஃபேன்ஸி ஸ்டோரில், முந்நூறு ரூபாய் கொடுத்து இழந்தேன்.

இந்த முறை குத்திக்கொண்டது கீழே தொங்கும் சதையில் இல்லை. மேலே, மடல் வளைகிற இடத்தில். ஏன் என்று கேட்காதீர்கள். முன்பக்கம் முடி பின்வாங்க ஆரம்பித்த ஆண்பிள்ளைக்கு, பார்க்கிறவர் கண்ணை வேறு எங்கேயாவது திருப்பிவிட வேண்டிய கட்டாயம் இருக்கிறது.

கடைப் பையன் பிளாஸ்டிக் துப்பாக்கி ஒன்றை எடுத்தான். "டக்குனு ஆயிடும்ணா!" டக்கென்றுதான் ஆனது. கோவில்பதாகைக்குத் திரும்ப ஹெல்மெட்டை மாட்டியபோதுதான் விஷயம் புரிந்தது. வீடு வந்து சேரும்வரை எனக்குத் தெரிந்த எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன்.

வாசலில் ஆயா உட்கார்ந்திருந்தாள். வயது எண்பதுக்கு மேல்.

"இன்னாடா காதுல?"

"ஃபேஷன் ஆயா."

ஆயா ஒன்றும் பேசவில்லை. முந்தானையை விலக்கி, தலையைத் திருப்பித் தன் காதைக் காட்டினாள். அதே இடம். அதே மேல் மடல். பழைய துளை, பட்டன் ஓட்டை மாதிரி. அந்தப் பக்கக் காதிலும் ஒன்று.

"முருகு போட்ட காதுடா இது. நீ இன்னா புச்சா கண்டுபுட்ச்சிட்ட?"

முருகு, கொப்பு என்று மேல்காதுக்கென்றே நம் ஊர்ப் பெண்கள் நகை வைத்திருந்தார்கள். முப்பத்து நாலு வருஷமாக ஒரே வீட்டில் இருந்தும் அந்தத் துளையை நான் பார்த்ததேயில்லை. காதில் நகை இருந்தால்தானே கண்ணில் படும்?

நிற்க. ஐந்தாம் நாள் காது வீங்கியது. எதிர்வீட்டு அம்மா மஞ்சளும் தேங்காயெண்ணெயும் வைக்கச் சொன்னார். நண்பன், "கம்மலைத் தினமும் திருகி விடு மச்சான், இல்லாட்டி ஒட்டிக்கும்" என்றான். இரண்டு பேர் பேச்சையும் கேட்டேன். ஏழாம் நாள் மேல்காது தக்காளிப் பழமாகி, லேசாகக் காய்ச்சலும் வந்தது. கீழே தொங்கும் சதை மட்டும் ஒன்றும் தெரியாத அப்பாவி மாதிரி பழைய நிறத்திலேயே இருந்தது.

காது மூக்கு தொண்டை டாக்டர் அதைத்தான் முதலில் பார்த்தார். "மேலே சிவந்து, கீழே சும்மா இருக்கா? அப்ப இது பெரிகாண்ட்ரைட்டிஸ்."

அவர் சொன்னதை ஒரு பி.காம். பட்டதாரியின் பாஷையில் எழுதுகிறேன். கீழ்க்காது வெறும் சதை. ரத்தம் ரொக்கமாக வந்து போகிற இடம். குத்தினால் ஆறேழு வாரத்தில் ஆறிவிடும். மேல்காது குருத்தெலும்பு. அதற்குச் சொந்தமாக ரத்தக்குழாயே கிடையாது. மேலே போர்த்தியிருக்கிற மெல்லிய சவ்விடம் கடன் வாங்கித்தான் ஜீவனம். சவ்வுக்கும் குருத்தெலும்புக்கும் நடுவில் சீழ் கட்டினால் கடன் நின்றுபோகும். கடன் நின்றால் கம்பெனி திவால். குருத்தெலும்பு செத்து, காது சுருங்கி காலிஃப்ளவர் மாதிரி ஆகிவிடும். பிறகு அதைப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவருவது பெரும்பாடு.

"துப்பாக்கியால அடிச்சாங்களா?" என்று கேட்டார். தலையாட்டினேன். அதில் போவது கூரான ஊசி இல்லை. மொண்ணையான கம்மல்தான் ஸ்பிரிங் வேகத்தில் பாய்கிறது. சதை தாங்கும், குருத்தெலும்பு நசுங்கும். பிளாஸ்டிக் துப்பாக்கியை ஆபரேஷன் கருவி மாதிரி நீராவியில் வேகவைத்துச் சுத்தம் செய்யவும் முடியாது.

அமெரிக்காவில் மட்டும் என்ன வாழ்ந்தது? 2000-ம் ஆண்டு ஒரிகன் மாநிலத்தில், ஒரே கடையில் மேல்காது குத்திக்கொண்ட ஏழு பேருக்கு சூடோமோனாஸ் என்ற கிருமி தொற்றியது உறுதியானது. நாலு பேர் ஆஸ்பத்திரியில் படுத்தார்கள். கிருமி எங்கே இருந்தது தெரியுமா? கிருமிநாசினி பாட்டிலில்!

எனக்கும் அந்தக் கிருமியாக இருக்கலாம் என்று டாக்டர் அதற்கேற்ற மாத்திரை எழுதிக் கொடுத்து, கம்மலைக் கழற்றினார். "இன்னும் ரெண்டு நாள் கழிச்சு வந்திருந்தா கத்தி வெச்சிருப்பேன்." காது பிழைத்தது. முந்நூறு ரூபாய் மூலதனத்துக்குப் பராமரிப்புச் செலவு நாலாயிரத்துச் சொச்சம்.

இதோடு அடங்கினேனா? ஒரு வருஷம் கழித்து, அடுத்த காதில். இந்த முறை ஊசியால் குத்தும் இடமாக விசாரித்துப் போனேன். கையுறை போட்டு, புது ஊசி உறையை என் கண்ணெதிரே பிரித்து, வீக்கத்துக்கு இடம்விட்டுக் கொஞ்சம் நீளமான டைட்டானியம் கம்பி போட்டார்கள். பிறகு காலையும் மாலையும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் 0.9 சதவிகித சலைனால் துடைத்து ஈரம் ஒற்றுவேன். அவ்வளவுதான். மஞ்சள் கிடையாது, எண்ணெய் கிடையாது, திருகல் கிடையாது. அந்தப் பக்கம் படுக்கை இல்லை. போன் அடுத்த காதில். ஹெல்மெட்டைக் குழந்தைக்குத் தொப்பி போடுவது போல மெல்ல மாட்ட வேண்டும். முழுசாக ஆற ஆறு மாசத்திலிருந்து ஒரு வருஷம். நடுவில் சிவந்து, சூடாகி, வலி ஏறினால் மருந்துக் கடைக்காரரிடம் காதைக் காட்டாதீர்கள். அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்.

ஒருநாள் துடைத்துக்கொண்டிருந்தபோது ஆயாவிடம் கேட்டேன். "உனக்குக் குத்தினப்ப வலிக்கலையா ஆயா?"

"பன்னெண்டு வயசு. நாலு பேரு அமுக்கிப் புட்ச்சிக்கினாங்க. பத்தரு குத்தி, வேப்பங்குச்சி சொருகிட்டாரு. ஒரு மாசம் தூங்கல. குத்திக்கிறியான்னு என்னை யாருடா கேட்டாங்க?"

நான் காசு கொடுத்து வாங்கிய வலி, அவளுக்குக் கேட்காமலே கொடுக்கப்பட்டது. அப்படி வந்த முருகுதான், நான் பி.காம். சேர்ந்த வருஷம் ஃபீஸ் கட்ட அடகுக் கடைக்குப் போனது. நான் டெபிட், கிரெடிட் எல்லாம் கற்றுக்கொண்டு வெளியே வருவதற்குள் அது மூழ்கிப்போனது. அந்தக் கணக்கை மட்டும் இதுவரை நான் எழுதியதில்லை.

ஆயா என் காதருகே குனிந்து உற்றுப் பார்த்தாள்.

"தங்கமாடா?"

"இல்ல ஆயா. டைட்டானியம்."

"அடகு வெச்சா எவ்ளோ தருவான்?"

"ஒண்ணும் தரமாட்டான்."

"அப்புறம் எதுக்குடா இவ்ளோ வலி?" என்றாள் ஆயா.