கருகிய சரிவில் ஒரு பாடம்

ஐந்திணையைக் கற்பிப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. நிலத்தைப் பாராமலே நிலத்தைப் பற்றிப் பேசிவிடலாம். நாங்கள் கணவனும் மனைவியுமாக இருவருமே கல்லூரித் தமிழாசிரியர்கள். ஆண்டுதோறும் கருப்பொருள் பட்டியலைக் கரும்பலகையில் எழுதுவோம்; மாணவர்கள் மனப்பாடம் செய்து மதிப்பெண் பெறுவார்கள். "நீங்கள் இவற்றைப் பார்த்திருக்கிறீர்களா?" என்று ஒருவரும் எங்களைக் கேட்டதில்லை. 2018ஆம் ஆண்டு மே மாதம், அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் ஒரு மலைச்சரிவில் நின்றுகொண்டு, பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் கேட்டுவிட்டான்.

அவன் எங்கள் தம்பியின் மகன். கோடை விடுமுறைக்குச் செயின்ட் லூயிஸ் நகரிலிருந்த தம்பி வீட்டிற்குச் சென்றிருந்தோம். ஒரு சனிக்கிழமை, தெற்கே ஏறத்தாழ இரண்டு மணி நேரப் பயணத்தில் உள்ள டாம் சாக் மலைக்கு அழைத்துச் சென்றார்கள். அம்மாநிலத்தின் மிக உயர்ந்த இடம் அது. உயரம் 1,772 அடிதான். மேற்குத் தொடர்ச்சி மலையைப் பார்த்துப் பழகிய கண்களுக்கு அது வெறும் மேடு. ஆனால் அங்குள்ள எரிமலைப் பாறைக்கு வயது ஏறக்குறைய 150 கோடி ஆண்டுகள். அப்பாறைமீது மண் மெல்லிய போர்வைபோல் கிடக்கிறது. மழை பெய்தாலும் நீர் நிற்பதில்லை. அந்த வறண்ட மண்ணில் வளர்வதுதான் ஓக் - ஹிக்கரிக் காடு.

ஓக் மரத்தைத் தமிழில் கருவாலி என்று எழுதுவோர் உண்டு. நாங்கள் ஓக் என்றே எழுதுகிறோம். ஒரு காட்டில் எந்த மரங்கள் மிகுந்து ஓங்கி நிற்கின்றனவோ அவற்றின் பெயராலேயே அக்காட்டை அழைப்பது அந்நாட்டுத் தாவர அறிஞர்களின் வழக்கம். பூவின் பெயரால் நிலத்தைக் குறித்த மரபில் வந்த எங்களுக்கு அது அயலாகத் தோன்றவில்லை. அதைச் சொல்லித் தம்பி மகனிடம் கொஞ்சம் பெருமையும் அடித்துக்கொண்டோம். அதுதான் பிழையாகப் போயிற்று.

அவன் முன்னே நடந்தபடி எங்களுக்கு வகுப்பெடுத்தான். இலையின் மடல்கள் உருண்டிருந்தால் வெள்ளை ஓக் இனம். மடல் நுனியில் முள்போன்ற மயிர் இருந்தால் சிவப்பு ஓக் இனம். சிலுவை வடிவ இலை உடையது போஸ்ட் ஓக். வாத்தின் பாதம்போல் நுனி அகன்ற இலை பிளாக்ஜாக் ஓக். ஒரே காம்பில் ஐந்தாகவோ ஏழாகவோ சிற்றிலைகள் இருந்தால் அது ஹிக்கரியாக இருக்கக்கூடும். ஹிக்கரி என்ற பெயரே வர்ஜீனியப் பகுதியின் பௌஹாட்டன் பழங்குடி மொழியிலிருந்து வந்தது. அதன் கொட்டையை இடித்து அவர்கள் எடுத்த பாலின் பெயர் மரத்திற்காயிற்று.

வெயில் மிகுதியாகத் தாக்கும் தென்மேற்குச் சரிவில் போஸ்ட் ஓக், பிளாக்ஜாக், கறுப்பு ஹிக்கரி ஆகியவை குட்டையாகவும் முறுக்கேறியும் நின்றன. அவற்றின் காலடியில் புல்லும் முழங்காலளவுப் புளூபெர்ரிச் செடிகளும் இருந்தன. மலையைச் சுற்றி வடக்குச் சரிவுக்கு வந்தபோது நிழல் அடர்ந்தது. வெள்ளை ஓக்கும் சிவப்பு ஓக்கும் நெடிது உயர்ந்திருந்தன. ஒரே மலை, ஒரே மழை. கதிரவனைப் பார்க்கும் திசை மாறியதும் செடிகொடிகளின் கூட்டம் மாறிவிடுகிறது. வெள்ளை ஓக்கின் கொட்டை உதிர்ந்த இலையுதிர் காலத்திலேயே வேர்விடும் என்பதால் அணில் அதை உடனே தின்னும், அல்லது முளையைக் கடித்து எறிந்துவிட்டுப் புதைக்கும் என்றும், சிவப்பு ஓக்கின் கொட்டை வசந்தம்வரை உறங்கும் என்பதால் அதை அப்படியே புதைத்துவைக்கும் என்றும் அவன் சொன்னான். அணிலுக்குத் தெரிந்த அளவுகூட எங்களுக்கு மரங்களைத் தெரியாது என்று அப்போது பட்டது.

அங்கேதான் அவன் கேட்டான். "பெரியப்பா, நீங்க ரெண்டு பேரும் குறிஞ்சிப் பூவைப் பாத்திருக்கீங்களா?"

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இல்லை. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூப்பது என்று எத்தனையோ வகுப்புகளில் சொல்லியிருக்கிறோம். 2006இல் பூத்தபோது விடைத்தாள் திருத்தும் வேலையோ வேறெதுவோ இருந்தது, போகவில்லை. அவன் பிறந்த ஆண்டும் அதுவே. "இல்லை" என்றோம். அவன் ஏளனம் செய்யவில்லை. "ஓ" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தான். அந்த "ஓ" எங்களோடு ஊர்வரை வந்தது.

திரும்பும் வழியில் ஒரு சரிவு கருகிக் கிடந்தது. மரங்களின் அடிப்பட்டையில் கரி. "ஐயோ, காட்டுத் தீ" என்றாள் என் மனைவி. தம்பி சிரித்தான். "அண்ணி, பூங்காக்காரர்களே வைத்த தீ இது" என்றான்.

பல நூற்றாண்டுகளாக ஓசேஜ் முதலிய பழங்குடியினர் இக்காடுகளில் தீ மூட்டி வந்தனர். முதிய மரங்களின் ஆண்டு வளையங்களில் அத்தழும்புகளை இன்றும் எண்ணலாம். தடித்த பட்டையுடைய ஓக் அத்தீயைத் தாங்கும். இளங்கன்று மேலே எரிந்தாலும், முதலிலேயே ஆழ வேர் இறக்கி வைத்திருப்பதால் மீண்டும் துளிர்க்கும். இருபதாம் நூற்றாண்டில் அரசு தீயை முற்றாகத் தடுத்தது. காட்டைக் காக்கும் நல்லெண்ணம்தான். ஆனால் தீக்கு அஞ்சி ஒதுங்கியிருந்த மேப்பிள் மரங்கள் பல இடங்களில் நிழலில் பெருகின. அவற்றின் இலை ஈரம் காத்து விரைவில் மட்கும். ஓக் இலைபோல் சுருண்டு காய்ந்து எரியாது. நிழல் கூடக் கூட ஈரம் கூடும். ஈரம் கூடக் கூடத் தீ பிடிக்காது. ஒளி விரும்பும் ஓக் கன்று முதிய மரத்தின் அடியிலேயே மடியும். கிரெகரி நோவாக்கி, மார்க் ஆப்ராம்ஸ் என்னும் இருவர் 2008இல் இச்சுழலை விளக்கி எழுதினர்.

பாலையின் தீயை அழிவின் அடையாளமாக மட்டுமே நாங்கள் கற்பித்திருந்தோம். இங்கோ தீயை விலக்கியதே காட்டின் நோயாகியிருந்தது. கருகிய அச்சரிவைக் குனிந்து பார்த்தோம். சாம்பலுக்கிடையே ஓக் கன்றுகள் செந்தளிர் விட்டிருந்தன. எரியாத பக்கத்தில் இலைச்சருகு கணுக்கால் ஆழம். கன்று ஒன்றுகூட எங்கள் கண்ணில் படவில்லை.

ஊர் திரும்பிய பிறகு அவ்வாண்டு செப்டம்பரில் முப்பது மாணவர்களைக் கொடைக்கானலுக்கு அழைத்துச் சென்றோம். கனமழையில் பாதிப் பூ உதிர்ந்திருந்தது. எஞ்சியதைக் கண்டோம். வகுப்பில் என்றும் வாய் திறவாத மாணவி ஒருத்தி அச்செடியருகே அமர்ந்து நெடுநேரம் எழுந்திருக்கவில்லை. அவளிடம் நாங்கள் எதையும் விளக்கவில்லை.

அன்றிரவே தம்பி மகனுக்குப் படம் அனுப்பினோம். உடனே பதில் வந்தது: பன்னிரண்டு ஆண்டு ஆயிற்று என்று எல்லாச் செடிகளுக்கும் ஒரே நேரத்தில் எப்படித் தெரிகிறது?

தெரியாது என்று எழுதினோம். இத்தனை ஆண்டுத் தொழிலில் ஒரு மாணவனுக்கு நாங்கள் அப்படி எழுதியது அதுவே முதல்முறை. அடுத்து 2030இல் பூக்க வேண்டும். அப்போது அவனுக்கு 24 வயதாகியிருக்கும். வருவதாகச் சொல்லியிருக்கிறான்.