முகப்பில் இடமில்லாத ஊர்

2024 அக்டோபர் 31, வியாழன்

எழுதி வைக்காவிட்டால் எது எந்த நாள் என்றே குழம்பிவிடும். "நான்" என்று எழுதக் கை வரவில்லை. கடைக்காரர் என்றே இருக்கட்டும்.

செவ்வாய்க்கிழமை விடியும் முன்பே பத்திரிகைக் கட்டுகள் வந்துவிட்டன. வலென்சியாவின் மெஸ்தாயா மைதானத்துக்குக் கூப்பிடு தூரத்தில் கடை. கடைக்காரர் பிளாஸ்டிக் வாரை அறுத்து ஒவ்வொன்றாக மாட்டினார். மாட்ரிட்டின் மார்கா, ஆஸ். பார்சிலோனாவின் முந்தோ தெபோர்த்தீவோ, ஸ்போர்ட். ஓரத்தில் உள்ளூர் சூப்பர்தெபோர்த்தே. முந்தின இரவு பாரிஸில், உலகின் சிறந்த கால்பந்து வீரருக்கான பாலோன் தோர் விருது ரோத்ரிக்குப் போயிருந்தது. வினிசியஸுக்குக் கிடைக்காது என்று தெரிந்ததும் ரியல் மாட்ரிட் விழாவுக்கே ஆள் அனுப்பவில்லை. 1960இல் லூயிஸ் சுவாரெஸ் வாங்கிய பிறகு ஸ்பெயினின் ஆண் வீரர் ஒருவருக்கு இந்த விருது வருவது இதுதான் முதல் தடவை. அந்த ரோத்ரி முதல் டிவிஷனுக்கு வளர்ந்தது இந்த வட்டாரத்து வியாரியலில். ஆனால் காலை முழுக்கக் கடை வாசலில் நடந்த பேச்செல்லாம் விருது கிடைக்காதவரைப் பற்றித்தான். கடைக்காரருக்கு அதில் வந்த எரிச்சல் மத்தியானம் வரை தணியவில்லை.

வானிலைத் துறை காலையிலேயே சிவப்பு எச்சரிக்கை கொடுத்திருந்தது. மேற்கே துரீஸில் ஒரே நாளில் 770 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்தது. நகரத்துக்குள் சொல்லும்படி மழையே இல்லை. அவசர எச்சரிக்கை வந்து எல்லாருடைய கைப்பேசியும் ஒன்றாக அலறியபோது இரவு மணி 8:11. அதற்குள் போயோ ஓடை பைபோர்த்தாவுக்குள்ளும் கத்தரோகாவுக்குள்ளும் புகுந்துவிட்டது. கத்தரோகாவில் இருக்கும் தங்கைக்குப் போன் போகவில்லை.

இன்று மத்தியானம்தான் அவள் குரல் கேட்டது. மாடி வீட்டுக்காரர் கதவைத் திறந்துவிட்டிருக்கிறார். கீழ்வீட்டில் ஒன்றும் மிஞ்சவில்லை. அவளும் பையனும் பத்திரம்.

நவம்பர் 1

சனிக்கிழமை மெஸ்தாயாவில் ரியல் மாட்ரிட்டோடு நடக்க வேண்டிய ஆட்டம் தள்ளிவைப்பு. வியாரியல்–ராயோ ஆட்டமும்தான். நாட்டின் மற்ற மைதானங்களில் பந்து உருளும்.

நவம்பர் 2, சனி

துரியா ஆற்றின் புதுக் கால்வாய்மேல் இருக்கும் நடைபாலத்தில் ஆள் நகர இடமில்லை. தோளில் துடைப்பம், மண்வெட்டி, கையில் தண்ணீர்க் கேன். 1957 வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றையே நகரத்துக்குத் தெற்கே திருப்பிவிட்டார்கள். அந்தக் கால்வாய்தான் இந்தத் தடவை நகரத்தைக் காப்பாற்றியது. தெற்குக் கரை ஊர்களுக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

கத்தரோகாவில் தெருவுக்குத் தெரு கார்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. தங்கை வீட்டுச் சமையலறைச் சுவரில் தண்ணீர் நின்ற கோடு கடைக்காரரின் நெற்றிக்கு மேலே. சேறு இறுகிக்கொண்டிருந்தது. மண்வெட்டியால் வெட்டி, ரப்பர் விளிம்பு வைத்த தள்ளுகட்டையால் வாசல்வரை தள்ளி, அங்கிருந்து வாளியில் அள்ள வேண்டும். நாலு வாளிக்கு ஒரு தரம் முதுகு பிடித்துக்கொள்ளும்.

தெருவில் யாரென்றே தெரியாதவர்கள் வரிசையாக நின்று வாளி கைமாற்றினார்கள். அதில் ஒரு பையன் குவென்காவிலிருந்து வந்தவன். போட்டிருந்தது ரியல் மாட்ரிட் சட்டை. சேற்றுக்குள்ளிருந்து முதுகில் 7 என்ற எண் மட்டும் தெரிந்தது. சாயங்காலம் வரை அவன் கடைக்காரருக்கு அடுத்த ஆளாக நின்றான். கால்பந்து பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

மெஸ்தாயா வாசலில் அரிசி, பால், டயபர், பிளீச்சிங் திரவம் எல்லாம் அட்டைப்பெட்டிகளில் அடுக்கியிருந்தன. இந்த நேரத்தில் அங்கே ரியல் மாட்ரிட் ஆட்டம் நடந்துகொண்டிருக்க வேண்டியது.

நவம்பர் 4

நேற்று பார்சிலோனாவும் எஸ்பான்யோலும் ஆடின. அத்லெத்திகோ மாட்ரிட்டும் ஆடியது. ஆடுவதே சரி என்று லாலிகா தலைவர் தெபாஸ் பேசினார். ஆட யாருக்குமே மனமில்லை என்று இன்று வெளிப்படையாகச் சொன்னவர் ரியல் மாட்ரிட்டின் பயிற்சியாளர் ஆன்செலோட்டி. அத்லெத்திகோவின் சிமியோனேயும் அதே குரல். இந்த ஊர் மனசில் இருந்ததை நாடு முழுக்கக் கேட்கச் சொல்ல மாட்ரிட் பயிற்சியாளர்கள்தான் வேண்டியிருந்தது. அவர்கள் பேசினால் மைக் இருக்கிறது. பேசியதற்கு நன்றி. மைக் அங்கே மட்டும் இருப்பது வேறு விஷயம்.

நவம்பர் 6

வலது கை வீங்கியிருக்கிறது. கடை திறக்கவில்லை.

நவம்பர் 13, புதன்

தங்கை வீட்டுக் கீழறையில் ஒரு பெட்டி இருந்தது. 2002, 2004 ஆண்டுகளின் பத்திரிகை முகப்புகள், தேதி வாரியாகக் கடைக்காரர் சேர்த்தவை. இன்று அது சேற்றுக்கடியில் அகப்பட்டது. தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிட்டன. கத்தி நுனியால் பிரித்தால் மை ஒரு பக்கமும் தாள் ஒரு பக்கமுமாக வருகிறது. அப்போதைய பயிற்சியாளர் பெனீத்தெஸின் முகம் பாதி கிடைத்தது.

அந்த இரண்டு வருடங்கள் முக்கியமானவை. 2001 கோடையில் ரியல் மாட்ரிட் ஜிதானை உலகமே வாய்பிளக்கும் விலைக்கு வாங்கியது. அந்த சீசனின் லீக் பட்டம் வலென்சியாவுக்கு. 2003இல் பெக்காம் மாட்ரிட் வந்தார். அந்த சீசனில் வலென்சியா லீக் பட்டத்தோடு யூஃபா கோப்பையையும் வென்றது. ஆனாலும் அந்தக் காலத்தைப் பற்றி எங்கே பேச்செடுத்தாலும் அது ரியல் மாட்ரிட் நட்சத்திரங்களின் "கலாக்டிகோக்கள் காலம்". வென்றவன் பெயரில் அந்தக் காலத்துக்குப் பெயர் வைக்கவில்லை.

பாரபட்சம் என்றால் பொய் எழுதுவது என்று பலர் நினைக்கிறார்கள். கடையில் நின்று பார்த்தால் அது வேறு மாதிரித் தெரிகிறது. மார்காவில் வருவது பெரும்பாலும் உண்மைதான். ஸ்போர்ட்டில் வருவதும்தான். எதற்கு எத்தனை பக்கம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. லீக்கில் அதிக கோல் போட்டவருக்கான பிச்சீச்சி கோப்பையைக் கொடுப்பதுகூட மார்கா பத்திரிகைதான். 2010 செப்டம்பரில் ரியல் சோசியதாத்துக்கு எதிராக ரொனால்டோ அடித்த ஃப்ரீகிக் சக வீரர் பெப்பேயின் முதுகில் பட்டு உள்ளே போனது. நடுவர் அதைப் பெப்பே பெயரில் எழுதினார், மார்கா ரொனால்டோ பெயரில் எழுதியது. சீசன் முடிந்தபோது லீக் கணக்கில் ரொனால்டோவுக்கு 40, மார்கா கணக்கில் 41. ஒரு நாளிதழின் கணக்கு, பரிசாகவே மேடையேறியது.

இதற்குப் பின்னால் பணம் இருக்கிறது. 2015 வரை ஸ்பெயினில் ஒவ்வொரு அணியும் தன் டிவி உரிமையைத் தானே விற்றது. ரியல் மாட்ரிட்டும் பார்சிலோனாவும் வருடத்துக்குத் தலா சுமார் 14 கோடி யூரோ வாங்கின. முதல் டிவிஷனின் கடைக்கோடி அணிக்கு 2 கோடிகூட இல்லை. அந்த ஏப்ரலில் வந்த அரசாணை எல்லா உரிமையையும் ஒன்றாக விற்கச் சொன்னது. முதல் டிவிஷன் பங்கில் பாதி எல்லாருக்கும் சமம், கால் பங்கு முந்தைய சீசன்களின் முடிவுகளைப் பார்த்து, மீதிக் கால் பங்கு "சமூகச் செல்வாக்கு" பார்த்து. சின்ன அணிகள் மூச்சுவிட்டன, மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தக் கடைசிக் கால் பங்கில் டிக்கெட் வருமானத்தோடு டிவி பார்ப்பவர் எண்ணிக்கையும் சேர்கிறது. எந்த அணியை நாள் முழுக்கக் காட்டுகிறார்களோ அதை அதிகம் பேர் பார்க்கிறார்கள். அதிகம் பேர் பார்க்கிற அணிக்கு அதிகப் பணம், அந்தப் பணத்தில் அடுத்த நட்சத்திரம், அந்த நட்சத்திரத்துக்கு மறுபடி முகப்பு. செவில்லாவிலும் பில்பாவோவிலும் விகோவிலும் கடை வைத்திருப்பவர்களும் இதே தட்டைத்தான் தினமும் அடுக்குகிறார்கள்.

சாயங்காலம் தங்கை அந்தப் பெட்டியைக் குப்பை லாரியில் போடச் சொன்னாள். ஈரத்தாள் பூஞ்சை பிடிக்கும், பையனுக்கு மூச்சுத்திணறல் இருக்கிறது. போட்டாயிற்று.

நவம்பர் 23, சனி

மெஸ்தாயா மறுபடி திறந்தது. பெத்திஸை 4-2 என்று ஜெயித்தோம். கோல் அடித்தவர்களில் தார்ரெகாவும் ஒருவர். தண்ணீர் புகுந்த அல்தாயாதான் அவருக்குச் சொந்த ஊர். பக்கத்து இருக்கைக்காரர் பூட்ஸைக் கழுவாமலே வந்திருந்தார், நேராகச் சேறள்ளுகிற இடத்திலிருந்து. ஆட்டம் முழுக்க அழுதுகொண்டும் கத்திக்கொண்டும் இருந்தார். கடைக்காரரும்.

டிசம்பர் 23

பயிற்சியாளர் பராஹாவை நீக்கிவிட்டார்கள். 2002, 2004 அணிகளின் நடுக்கள வீரர் அவர்.

2025 ஜனவரி 3, வெள்ளி, நள்ளிரவு

தள்ளிவைத்த ஆட்டம் இன்று நடந்தது. புதுப் பயிற்சியாளர் கோர்பெரானுக்கு முதல் ஆட்டம். ஹூகோ துரோ 27ஆம் நிமிடம் கோல் போட்டார். பெல்லிங்ஹாம் அடித்த பெனால்டி கம்பத்தில் பட்டது. 79ஆம் நிமிடம் கோல்கீப்பர் திமித்ரியெவ்ஸ்கியைத் தலையில் தள்ளியதற்காக வினிசியஸுக்குச் சிவப்பு அட்டை. பத்துப் பேரோடு ஆடிய ரியல் மாட்ரிட், 85ஆம் நிமிடம் மோட்ரிச், கூடுதல் நேரத்தில் பெல்லிங்ஹாம் என்று இரண்டு கோல் போட்டு 2-1 என்று ஜெயித்துவிட்டுப் போனது.

தூக்கம் வராது. நாளைக்கு எல்லா இடத்திலும் அந்தச் சிவப்பு அட்டைதான். போன மார்ச்சில் இதே மைதானத்தில் 2-2 என்று முடிந்த ஆட்டத்தில், பந்து காற்றில் இருக்கும்போதே நடுவர் ஹில் மன்சானோ கடைசி விசில் ஊதினார். பெல்லிங்ஹாமின் தலைமுட்டு கோலாகவில்லை. வலென்சியா எப்படி ஆடியது என்று அந்த வாரம் பேசியவர் அபூர்வம்.

2023 மே 21ஐப் பற்றியும் எழுதத்தான் வேண்டும். அன்று மெஸ்தாயாவில் வினிசியஸைக் குரங்கு என்று வசைபாடினார்கள். மைதானமே சேர்ந்து கத்தியது என்று ஆட்டம் முடிந்ததும் ஆன்செலோட்டி சொன்னார். மைதானம் முழுக்கக் கேட்டது "முட்டாள்" என்ற வேறு கூச்சல் என்று தெரிந்த பிறகு அந்த வாசகத்தைத் திருத்திக்கொண்டார். அதற்குள் முதல் வாசகம் உலகத்தைச் சுற்றி வந்துவிட்டது. ஊருக்கே இனவெறி முத்திரை விழுந்தது என்ற வருத்தம் இங்கே இன்னும் ஆறவில்லை. அந்த வருத்தத்தில் நியாயம் இருக்கிறது. உள்ளூர்ப் பேச்சு அந்த நியாயத்தைப் பிடித்துக்கொண்டு மாதக்கணக்கில் ஊர் மானத்தைப் பற்றியே ஓடியது.

2024 ஜூனில் நீதிமன்றம் மூன்று பேருக்கு எட்டு மாதச் சிறைத்தண்டனை விதித்தது. கால்பந்து மைதானத்தில் நடந்த இனவெறி வசைக்காக ஸ்பெயினில் வந்த முதல் தண்டனை அது. அந்த ஆட்டத்தன்று மெஸ்தாயாவின் மாரியோ கெம்பெஸ் பார்வையாளர் மேடையில் கடைக்காரரின் இருக்கைக்கு எட்டு வரிசை கீழே கேட்டதை எந்தப் பத்திரிகையும் இட்டுக்கட்டவில்லை. அதைக் கடைக்காரர் கடை வாசலில் வைத்து யாரிடமும் பேசியதில்லை. கேட்டவர்களும் இல்லை.

ஜனவரி 4

எல்லாப் பிரதியும் பத்து மணிக்குள் விற்றுவிட்டது.

ஜனவரி 10

கோர்த்ஸ் வலென்சியானஸ் நிழற்சாலையில் 2009இல் பாதியில் விட்ட புது மெஸ்தாயாவில் இன்று மறுபடி வேலை தொடங்கியது. இத்தனை வருடமாக அந்தக் கான்கிரீட் எலும்புக்கூட்டைத் தாண்டித்தான் பஸ் போகிறது. 2014இல் அணியை வாங்கிய சிங்கப்பூர் முதலாளி பீட்டர் லிம்மை வெளியேறச் சொல்லி ஊர்வலம் ஊர்வலமாகப் போனோம். ஐரோப்பாவின் பெரிய அணிகளில் ஒன்று கண்ணெதிரே இப்படித் தேய்ந்த கதையை மாட்ரிட்டிலோ பார்சிலோனாவிலோ யாராவது தினமும் எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒன்றும் ஆகாமலும் போயிருக்கலாம். இருந்தாலும் எழுதியிருக்க வேண்டும்.

ஏப்ரல் 6, ஞாயிறு

நேற்று பெர்னபேயுவில் ஜெயித்துவிட்டோம்! 2008க்குப் பிறகு அங்கே முதல் வெற்றி. வினிசியஸின் பெனால்டியைக் கோல்கீப்பர் மமர்தாஷ்விலி தடுத்தார். தியாகாபி தலையால் முட்டி முதல் கோல். இடைவேளைக்குப் பிறகு வினிசியஸ் சமன் செய்தார். 95ஆம் நிமிடம் ஹூகோ துரோ. தங்கை வீட்டில் புதுச் சுவர்ப்பூச்சு வாசனைக்கு நடுவே, பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்து பார்த்தோம். கடைக்காரர் எழுந்து குதித்ததில் ஒரு நாற்காலி உடைந்தது.

அதே இரவு பார்சிலோனா பெத்திஸோடு 1-1 என்று சமன் செய்தது. ஆகவே நாடு தழுவிய வானொலிப் பேச்சு முழுவதும் கணக்கு: பார்சிலோனா 67, மாட்ரிட் 63, நடுவில் 4 புள்ளி. மாட்ரிட் எப்படித் தோற்றது, ஆன்செலோட்டி என்ன செய்வார், இந்த மாதம் 26ஆம் தேதி கோப்பை இறுதியாட்டத்தில் இருவரும் மோதும்போது என்ன ஆகும். தோற்கடித்த அணிக்கு உள்ளூர் நிகழ்ச்சியில்தான் இடம். காலையில் கடைக்காரர் சூப்பர்தெபோர்த்தேயைக் கட்டிலிருந்து முதலில் எடுத்து நடுத்தட்டில் மாட்டினார்.

தங்கை மகனுக்கு ஒன்பது வயது. வெள்ளிக்கிழமை செவில்லா ஆட்டத்துக்கு மாரியோ கெம்பெஸ் மேடையில் டிக்கெட் கேட்டிருக்கிறான். பெனால்டி தடுக்கப்பட்டபோது எல்லாரோடும் சேர்ந்து கூவியவன், இரவு சாப்பிடும்போது கேட்டான்: "வினிசியஸுக்கு ஏன் மாமா நம்ம மேல இவ்வளவு கோபம்?" பத்திரிகைகளைப் பற்றிச் சொல்ல கடைக்காரரிடம் நிறைய இருக்கிறது. அந்த எட்டு வரிசை கீழே கேட்டதையும் சொல்லிவிட்டு அவனை அழைத்துப் போவதா, ஆட்டம் முடிந்து திரும்பும் வழியில் சொல்வதா என்றுதான் தெரியவில்லை. வெள்ளிக்கிழமைக்கு இன்னும் ஐந்து நாள் இருக்கிறது.